கனத்த காசுதான் கெட்டுப்போன காசு

அம்மாவின் அந்தியேட்டி முடிந்து நாலாம் நாள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் இருந்த பிஸ்கற் ரின்னைத் திறந்தோம். உள்ளே ஒன்பது பவுண் காசுகள், ஆங்கிலேயர் காலத்துப் பொற்காசுகள். எல்லாம் அம்மம்மாவுடையவை. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவை என்பது தெரியும். எத்தனை என்பது அன்றுவரை எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

ஒன்பது என்று எண்ணி முடித்ததும் அண்ணாவுக்குப் பெரிய நிம்மதி. "மூண்டு பேர், ஆளுக்கு மூண்டு. எல்லாம் ஒரே நிறைதானே. பிரச்சினை முடிஞ்சுது." அவருக்கு அடுத்த கிழமை ரொரன்ரோவுக்குத் திரும்ப வேண்டும், தங்கச்சிக்கு லண்டனுக்கு. கொழும்பில் இருப்பவள் நான் என்பதால், செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்து, நிறையில் வித்தியாசம் இருந்தால் கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

போவதற்கு முதல்நாள் இரவு நான் செய்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதிலும் ஒன்று மட்டும் வேட்டித் துண்டில் தனியாகச் சுற்றியிருந்தது. 1884ஆம் ஆண்டுக் காசு. ஒரு பக்கம் இளவயது விக்ரோறியா, மறுபக்கம் பவுண் காசில் வழமையாக இருக்கும் குதிரை வீரனுக்குப் பதிலாக முடி வைத்த கேடயம். எழுத்துகளின் இடுக்கெல்லாம் கறுத்துக் கிடந்தது. அழுக்கோடு கடைக்குக் கொண்டுபோனால் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்து, அப்பச்சோடாவில் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டு, பழைய பல்விளக்கும் பிறஷால் பத்து நிமிடம் தேய்த்தேன். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. அடுத்த காசைக் கையில் எடுக்கும்போது தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தச் சோறுதான் மற்ற எட்டையும் காப்பாற்றியது.

மறுநாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து நடந்து செட்டியார் தெரு. கதிரேசன் கோயில் பக்கத்தில் அம்மா வழமையாகப் போகும் கடை. முதலாளி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். 7.98, 7.97, 7.97, 7.96, 7.95, 7.95, 7.93. கடைசி இரண்டும் 8.06, 8.04. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அண்ணா உடனே எழுதினார்: "அந்தக் கனமான ரெண்டையும் வெவ்வேறை பங்கிலை போடு, இல்லாட்டி அநியாயம்."

முதலாளி நேர்மையாகச் சொன்னார்: "எங்களுக்கு இது 22 கரட் பொன் அக்கா, அவ்வளவுதான். கிராமுக்குக் கணக்குப் பார்த்துத் தருவன். ஆனா விக்கிறதுக்கு முதல் ஒருக்கா கொட்டாஞ்சேனை ஐயாட்ட காட்டுங்கோ." இன்னொரு விஷயத்தையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நாங்கள் வாயால் சொல்லும் 'ஒரு பவுண்' எட்டுக் கிராம். அந்தப் பெயரைத் தந்த ஆங்கிலேயக் காசு அடித்து வெளியே வரும்போதே 7.988 கிராம்தான். அதில் தனிப்பொன் 7.32 கிராம், மிச்சம் பெரும்பாலும் செம்பு. ஆகவே எந்தப் பவுண் காசாவது எட்டுக் கிராமுக்கு மேல் காட்டினால் சந்தோஷப்படக்கூடாது. அதில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அல்லது அது பவுண் காசே இல்லை.

கொட்டாஞ்சேனை ஐயா வங்கியொன்றின் அடகுப் பிரிவில் நகை மதிப்பிட்டு ஓய்வுபெற்றவர். பழங்காசு சேர்ப்பது அவருடைய தனிப்பட்ட பைத்தியம் என்று அவரே சொல்வார். மேசையில் தடித்த துவாய் ஒன்றை மடித்து விரித்தார். ரியூப் லைற்றை அணைத்துவிட்டு ஒற்றை மேசை விளக்கைப் போட்டார். காசு விழுந்தாலும் அடிபடாமல் இருக்கத் துவாய். விளக்கு எதற்கென்று பிறகுதான் விளங்கியது. காசின் முகத்தில் விரல் படாமல் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் விளிம்பைப் பிடித்து, விளக்கின் கீழ் மெல்லச் சரித்துச் சரித்துப் பார்த்தார். 1884ஐ எடுத்ததும் நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, இதை ஆர் மினுக்கினது?"

"நான்தான் ஐயா. கறுத்துக் கிடந்தது."

"கறுப்பு இல்லைப் பிள்ளை, அழுக்கு. அழுக்குக்குக் கீழை இருந்ததையும் சேர்த்து உரஞ்சிப் போட்டியள்."

அழுக்குக்குக் கீழே இருந்தது என்ன என்பதைத்தான் அன்று மத்தியானம் முழுக்கச் சொல்லித்தந்தார். அச்சு ஓங்கி அழுத்தும்போது பொன் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் உறைந்துவிடும். ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சரித்தால் ஒளி வண்டிச்சில்லின் ஆரங்கள்போல நடுவைச் சுற்றி ஓடும். புதுக்காசின் இயற்கைப் பளபளப்பு அதுதான். ஒருமுறை தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும், திரும்ப வராது. மினுக்கிய காசும் பளபளக்கும். ஆனால் அந்த ஒளி ஓடாது. கண்ணாடி மாதிரி ஒரே இடத்தில் நின்று அடிக்கும், கூடவே ஒரே திசையில் மயிர்க்கீறல்களும் தெரியும். ரியூப் லைற்றிலோ நகைக்கடையின் நூறு விளக்கு வெளிச்சத்திலோ இந்த வித்தியாசம் தெரியாது. எல்லாப் பக்கத்தாலும் வெளிச்சம் வந்தால் எல்லாக் காசும் அழகுதான்.

என்னுடைய பிறஷ் கேடயத்தின் குழிகளுக்குள் அதிகம் போகவில்லை. அங்கே மட்டும் அந்த ஓடும் ஒளி இன்னும் கொஞ்சம் இருந்தது. அதைக் காட்டித்தான் முழுக் காசும் நேற்றுவரை எப்படி இருந்திருக்கும் என்று விளங்கப்படுத்தினார். அம்மம்மா அதை ஏன் தனியாகத் துணியில் சுற்றி வைத்தார் என்று தெரியாது. எந்தக் காரணமாயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தப்பி வந்த ஒன்றை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

பிறகு அந்தக் கனமான இரண்டு. 1911, 1913. ஐந்தாம் ஜோர்ஜ். ஐயா முகத்தையே பார்க்கவில்லை. விளிம்பைத் திருப்பி, மன்னரின் தலைக்கு நேர் மேலே, பன்னிரண்டு மணி இடத்தைக் காட்டினார். வரிவரியாக இருக்கவேண்டிய விளிம்புப் பல் அந்த இடத்தில் அரைத்து வழுவழுவென்று இருந்தது. ஒரு சிறு திரட்சி. "கொடியிலை கோத்திருந்தது. பத்தர் வளையம் வைச்சுப் பொடிவைச்சு ஊதியிருக்கிறார். பிறகு கழட்டியிருக்கினம்." அம்மம்மாவின் தாலிக்கொடியில் இரண்டு பவுண் காசு இருந்ததை அம்மா சொல்லியிருக்கிறார். கூடுதலான நிறை, வளையத்தை ஒட்டவைத்த அந்தப் பொடியின், அதாவது பற்றாசின் நிறை. அதுவும் 22 கரட்டுக்குக் குறைந்த பொன். சேகரிப்பவர்களின் கண்ணில் ஒன்பதிலும் மிகவும் சேதமானவை அவை இரண்டும்தான். அவற்றுக்குத்தான் அண்ணாவின் கணக்கு கூடுதல் மதிப்புக் கொடுத்திருந்தது!

காசு எவ்வளவு தேயாமல், கெடாமல் இருக்கிறது என்பதைத்தான் சேகரிப்பவர்கள் தரம் என்கிறார்கள். நிறை அந்தத் தரத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு ஐயா இன்னொரு எண்ணும் சொன்னார். பிரித்தானியச் சட்டப்படி ஒரு பவுண் காசு 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்தால் செல்லாக்காசு. புதுக்காசிலிருந்து வெறும் 0.05 கிராம். அந்த அற்ப எடைக்குள்தான் காசின் முழு வாழ்க்கையும் நடந்து முடிகிறது. எங்கள் 7.93 காசு, 1905ஆம் ஆண்டு ஏழாம் எட்வேர்ட், அந்த எல்லையையே தாண்டிவிட்டது. நகைக்கடையில் விலை வித்தியாசம் சாப்பாட்டுக் காசுகூட வராது. தரத்திலோ அது ஒன்பதில் கடைசிக்குப் பக்கத்தில்.

தரப் பெயர்கள்தான் என்னை அதிகம் குழப்பின. இங்கிலாந்து வழக்கில் 'குட்' என்றால் நல்லது என்று எடுத்தால் மோசம் போவோம். உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசு அது. 'ஃபைன்' என்பதும் நன்றாகப் புழங்கித் தேய்ந்ததுதான். எங்கள் 1905 அந்த ரகம். எட்வேர்டின் காதுக்கு மேலுள்ள மயிர் ஒரே வழவழப்பு, தாடி ஒரு கட்டி. 'வெரி ஃபைன்' என்றால் தேய்வு தெரியும், ஆனால் மயிரிழைகளில் பாதிக்கு மேல் பிரித்து எண்ணலாம். 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்றால் மேட்டு இடங்களில் மட்டும் இலேசான தேய்வு. 'அன்சேர்குலேற்றட்' என்றால் புழக்கத்தின் தேய்வே இல்லை. அரும்பெரும் சாமான்போலத் தோன்றும் பெயரெல்லாம் நடுத்தரம். எங்கள் கல்யாணப் பேச்சில் 'பிள்ளை நல்ல பிள்ளை' என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அமெரிக்கர்கள் இதையே 1 முதல் 70 வரை எண்ணாக எழுதுகிறார்கள். 20 முதல் 35 வரை வெரி ஃபைன். 40, 45 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். 50 முதல் 58 வரை ஏயூ, அதாவது அநேகமாகப் புழங்காதது. 60 முதல் 70 வரை எம்எஸ், நாணயசாலையை விட்டு வந்தபடியே இருப்பது. ஏன் 70, ஏன் 100 இல்லை என்று கேட்டேன். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் பழைய செப்புச் சதங்களுக்காகச் செய்த அளவுகோலாம் இது. மிகத் தேய்ந்த காசின் விலை ஒன்று என்றால் குறையில்லாத காசின் விலை எழுபது மடங்கு என்பது அவருடைய கணக்கு. செப்புக்கு வந்த விலைக்கணக்கைத்தான் இன்று பொன்னுக்கும் போட்டுப் பார்க்கிறோம். இரண்டு வழக்கும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது. பொதுவாக இங்கிலாந்துக்காரர் கண்டிப்பு. அவர்கள் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்பதை அமெரிக்கர் பெரும்பாலும் ஏயூ என்பார்கள். எனவே தரத்தைக் கேட்கும்போது எந்த ஊர்த் தரம் என்றும் கேட்கவேண்டும்.

தேய்வு எங்கே தொடங்கும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் தேய்வது மேடு. குதிரை வீரன் பக்கத்தில் குதிரையின் முன்தோள், வீரனின் தொடை, தலைக்கவசம். ஜோர்ஜ் மன்னருக்கு மீசை, தாடி, காது. இளவயது விக்ரோறியாவுக்குக் காதுக்கு மேலுள்ள கூந்தல் அலை. அந்த இடங்களில் நிறம் மங்கி, ஒளி ஓடாமல் நின்றால் தேய்வு. தட்டையாக இருந்தும் மேலே ஒளி ஓடினால், அச்சு சரியாக விழவில்லை, காசு தேயவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முதலில் வெறுங்கண், பிறகு ஐந்து மடங்குப் பூதக்கண்ணாடி. பத்து மடங்கு வேண்டாம் என்றார் ஐயா. அதில் பார்த்தால் எல்லாக் காசும் நோயாளிதான்.

இன்னொன்று எனக்கு உடனே ஏறவில்லை. எம்எஸ் 60 காசு ஏயூ 58 காசைவிட அசிங்கமாக இருக்கலாம். பவுண் காசுகள் பையில் ஒன்றோடொன்று இடிபட்டுத்தான் வங்கிக்கு வங்கி போயின. ஒரு கையும் புழங்காத காசின் கன்னத்திலும் வெட்டும் வடுவும் இருக்கும். தேயவில்லை என்பதற்காக அதற்கு 60. கொஞ்சம் தேய்ந்தாலும் முகம் சுத்தமான காசுக்கு 58. எண்ணை மட்டும் வாங்காதே, காசை வாங்கு என்று ஐயா இதற்குத்தான் சொன்னார்.

அப்படியென்றால் மினுக்கிய என் காசுக்கு என்ன எண்? எண் இல்லை. 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசைத் தரம் பார்த்து, முத்திரையிட்ட பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்துத் தருகின்றன. மினுக்கியது, பற்றாசு வைத்தது, கீறியது எல்லாவற்றுக்கும் எண்ணுக்குப் பதிலாக 'டீற்றெய்ல்ஸ்' என்று எழுதி, என்ன கேடு என்பதையும் போட்டுவிடுவார்கள். விவரம் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் அளவுக்கு இருக்கிறது, ஆனால் மினுக்கப்பட்டது. அவ்வளவுதான். எங்கள் ஆட்களின் பழைய பவுண் காசுகளில் இந்த ரகம் ஏராளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் காசைச் சேகரிக்கவில்லை, அணிந்தோம். கொடியில் கோத்தோம், பூந்திக்கொட்டையில் ஊறப்போட்டுத் தேய்த்தோம், பொங்கலுக்கு மினுக்கினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்கும்போது அதைத் தெரிந்துகொண்டு விற்கவேண்டும்.

எல்லாக் காசுக்கும் தரம் பார்க்கத் தேவையுமில்லை. ஒன்பதில் ஏழுக்குச் செட்டியார் தெரு முதலாளி சொன்னதே சரி. ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து லண்டன் காசுகள் உலகமெங்கும் குவிந்து கிடக்கின்றன. அவை ஃபைன் ஆனாலும் வெரி ஃபைன் ஆனாலும் பொன் விலைதான், அதற்கு மேல் ஏதும் சொற்பம். வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் பார்க்கும் கட்டணம், காப்புறுதி, சுங்கத் தலையிடி எல்லாம் சேர்த்தால் கையில் இருப்பதும் கரையும். இரண்டு தரங்களுக்கிடையிலான விலை வித்தியாசம் அந்தச் செலவைவிட அதிகமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அதற்கு முதல் காசு எங்கே அடித்தது என்று பார்க்கவேண்டும். குதிரை வீரன் காசுகளில், 1887க்குப் பிறகு வந்தவற்றில், ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் ஒரு பொட்டெழுத்து இருக்கும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பேர்ண், பி பேர்த், எஸ்ஏ தென்னாபிரிக்காவின் பிரிட்டோறியா, சி கனடாவின் ஒட்டாவா, ஐ பம்பாய். எழுத்தே இல்லையென்றால் லண்டன். எங்கள் 1918இல் ஐ இருந்தது. பம்பாயில் பவுண் காசு அடித்தது 1918 என்ற அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும்தான். உடனே நெஞ்சு படபடத்தது. ஐயா சிரித்தார். லட்சக்கணக்கில் அடித்த காசு, அரிதென்று சொல்லமுடியாது, கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம் என்றார். கேடயக் காசில் எழுத்து அந்த இடத்தில் இராது, கேடயத்துக்கு அடியில் மாலைக்குக் கீழே இருக்கும். 1884இல் அங்கே ஓர் எம். கேடய வகைக் காசு, இயற்கைப் பளபளப்பு குலையாமல் இருந்தால், ஆளுக்கு ஆள் போட்டிபோட்டு வாங்குவார்கள். ஒன்பதில் தரம் பார்க்கத் தகுந்த ஒரே காசு அதுதான். பிறஷ் பட்ட ஒரே காசும் அதுதான்.

அந்த எரிச்சலில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். அதேமாதிரி ஒன்றை இணையத்தில் தேடி, 'அன்சேர்குலேற்றட், புத்தம்புதுசு' என்று ஒருவர் போட்டிருந்த கேடயக் காசை வாங்கினேன். நேரே மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த இரண்டு படங்கள், அவ்வளவுதான். வந்ததும் விளிம்பைத் திருப்பினேன். பன்னிரண்டு மணி இடத்தில் அரம் போட்டிருந்தது. பணம் திரும்பக் கிடைக்க இரண்டு மாதம் சண்டை. இப்போது யார் காசு காட்டினாலும் நான் கேட்பது ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சரிக்கும் சிறு வீடியோவும் விளிம்பைச் சுற்றிய படங்களும். தர மறுத்தால் வாங்குவதில்லை. பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருந்தால், அதிலுள்ள சான்றிதழ் இலக்கத்தை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படத்தையும் கையிலுள்ள காசையும் ஒப்பிடவேண்டும். பெட்டியையும் கள்ளமாகச் செய்கிறார்கள்.

கள்ளக் காசுக்கு ஐயா செய்து காட்டிய சோதனை வீட்டிலேயே செய்யலாம். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து முள்ளைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் ஏறக்குறைய 0.45 கிராம் காட்டும். காசின் நிறையை அதால் வகுத்தால் 17.7 வாக்கில் வரவேண்டும். வந்தால் பொன் சரி. ஆனால் பொன் சரி என்பதால் காசு சரி என்று ஆகாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் பக்கம் சரியான பொன்னிலேயே பவுண் காசுகளைக் கள்ளமாக அடித்தார்கள். எழுத்து மழுங்கி, வயலில் புடைப்பும் குழியும் இருக்கும். வயல் என்பது உருவமில்லாத வெறும் பரப்பு. ஐயாவின் சொல் அது, எனக்குப் பிடித்துவிட்டது.

வைக்கும் விதத்தையும் மாற்றினேன். மலிவான மென்பிளாஸ்ரிக் உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசினைக் கக்கும். திறந்ததும் புது மழைக்கோட்டு மணம் வந்தால் அந்த உறை வேண்டாம். அமிலமில்லாத கடுதாசி உறை அல்லது மணமில்லாத கடின பிளாஸ்ரிக். எங்கள் வீடு கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. உப்புக்காற்று பொன்னைத் தொடாவிட்டாலும் அதிலுள்ள செம்பைத் தொடும், செம்புள்ளி விழும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை ரின்னுக்குள் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். பழைய அழுக்கை? விட்டுவிட்டேன்.

பங்கு பிரித்தது ஒரு ஞாயிறு இரவு, வாட்ஸ்அப் வீடியோவில். நிறையை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பொன் விலை, அதற்கு மேல் ஏதும் உண்டா என்று எழுதி வைத்திருந்தேன். கொடியிலிருந்த இரண்டையும் தங்கச்சி கேட்டாள், மகளுடைய கொடிக்கு. ஏற்கெனவே பற்றாசு வைத்ததுதானே, இன்னொருமுறை வைத்தால் போச்சா என்றாள். அதைவிடச் சரியான நியாயம் எனக்குத் தெரியவில்லை. 1905ஐயும் அவளே எடுத்துக்கொண்டாள். 1918 பம்பாய் அண்ணாவுக்கு, கூடவே சிறு முடி சூடிய ஜுபிலித் தலை விக்ரோறியா ஒன்றும் 1899ஆம் ஆண்டு முக்காட்டு விக்ரோறியாவும். "அப்ப அந்த 1884?" என்று கேட்டார். மிஞ்சிய இரண்டோடு அதை என் பங்கில் போட்டேன். என்ன விலைக்கு என்று அவர் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்: பொன் விலைக்கு.

ஒவ்வொரு உறையிலும் பென்சிலால் ஆண்டு, ஊர், தரம் எழுதினேன். கொடிக் காசுகளில் 'பற்றாசு, 12 மணி' என்று எழுதினேன். கடைசி உறையில்: 'கேடயம், 1884, மெல்பேர்ண். எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், மினுக்கியது.' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மினுக்கிய ஆண்டையும் மாதத்தையும், அதன் கீழே என் பெயரையும் எழுதி உறையை மூடினேன்.